தங்கத்தாயின் கழுத்து

தங்கத்தாய்க்குத் தன் கழுத்தைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. முகத்தைப் பற்றிக் கிடையாது. மூக்கு சப்பை, பல் எடுப்பு, நிறத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கழுத்து விஷயத்தில் சிரிக்க மாட்டாள். நீளமான, நேரான கழுத்து. சாதாரணப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாலும் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடும். மும்பை மாட்டுங்காவில் நயினார் ஜவுளிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தக் கழுத்தால்தான்.

அந்தக் கடையில் புடவையை மெத்தையில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. யாராவது ஒருத்தி கொசுவம் மடித்து இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் விட்டு, ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று திரும்பிக் காட்ட வேண்டும். வாங்க வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அவளுக்குள் தங்களைப் பார்ப்பார்கள், பிறகு பையைத் திறப்பார்கள். பெரியவர் நயினார் ஊரிலிருந்து மூட்டையோடு வந்து இந்தக் கடையைப் பிடித்தவர். அவர் வகுத்த முறை இது. தாராவியிலிருந்து வேலை கேட்டு வந்த புதுப்பெண்ணை ஒரு நோட்டம் விட்டு, "நீ கண்ணாடிகிட்ட நில்லும்மா" என்றார். அன்று நின்றவள்தான். பிள்ளை பெற்ற நாட்கள் போக மற்ற நாளெல்லாம் அந்தக் கண்ணாடி அவளுடையது.

கண்ணாடிக்கு முதலில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருத்தி ஜெபா. கூடவே டீ குடித்து, கூடவே பஸ்ஸுக்கு நின்றவள். ஜெபாவின் புருஷன் விபத்தில் இறந்துபோனார். அடக்கமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, கண்ணாடிப் பக்கம் வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் வெறுங்கழுத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களாம். அதட்டிச் சொல்லவில்லை, தேன் தடவித்தான் சொன்னார். ஜெபா பின்னறைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு டியூப்லைட், புடவைக் கரைக்கு ஃபால் தைக்கிற வேலை. தங்கத்தாய்க்கு அது வருத்தமாக இருந்தது. வருத்தப்பட்டுவிட்டு அவள் மறுபடியும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஐம்பது தாண்டியதும் கழுத்து தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கழுத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வயதாகிவிடும். முகம் அப்படியே இருக்க, தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து, குனிந்தால் மடிப்பு மடிப்பாக விழுந்தது. தங்கத்தாய் தன்னை அறியாமலே முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிடப் பழகினாள்.

அவள் மறைத்ததைப் பார்த்தது பெரியவர் அல்ல, அவர் மகன் அஷ்வத். அப்பாவுக்கு மூட்டுவலி வந்து கல்லாவோடு உட்கார்ந்துவிட, கடை அஷ்வத் கைக்கு வந்திருந்தது. தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். புடவைகளை போனில் வீடியோ எடுத்துப் போட்டு வியாபாரம் செய்தான், அதில் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் தங்கத்தாய் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடி முன்னால் ஒரு பொம்மை நின்றிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், கொக்குக் கழுத்து, கண் மூக்கு எதுவும் கிடையாது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் அஷ்வத். "வீடியோல கழுத்து கொஞ்சம் ஏஜ் காட்டுது. கமெண்ட்ல எழுதுறாங்க. இனிமே பொம்மைக்குக் கட்டிக் காட்டலாம்னு பாக்கறேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பின்னாடி ஜெபா அக்காவுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கு இல்ல? இந்த முகூர்த்த சீசன் வரைக்கும் நீங்களும் நில்லுங்க, பொம்மையும் நிக்கட்டும். அப்புறம் டிசைட் பண்ணலாம்."

சம்பளம் குறையாது என்றும் சொன்னான். சம்பளம் குறையாதாம். அவள் கேட்டது அதையா? இத்தனை வருடம் அவள் நின்ற இடத்தில் கண்ணில்லாத ஒன்று நிற்கும், அவள் ஜன்னல் இல்லாத அறையில் குனிந்து உட்கார்ந்து தைக்க வேண்டும்.  பின்னறைக்கு மட்டும் போகக் கூடாது என்று அந்த நிமிஷமே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி கடைக்குள்ளேயே நடந்து வந்தது. செம்பூரில் தோல் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஸ்ரீதேவி அடிக்கடி பருத்திப் புடவை வாங்க வருவார். அவருக்கு ஒரு சுங்குடியை மடித்துக் கொடுத்துக்கொண்டே தங்கத்தாய் நேராகக் கேட்டாள். "டாக்டரம்மா, கத்தி வைக்காம இந்தக் கழுத்த எதும் செய்ய முடியுமா?"

டாக்டர் அவளைச் சிரிக்காமல் பார்த்தார். அந்த ஒன்றுக்காகவே தங்கத்தாய்க்கு அவரைப் பிடித்துப்போனது.

"கத்தி இல்லாம ஒண்ணு இருக்கு" என்றார். "ரேடியோ அலை மாதிரி ஒரு அலை. அதை மெஷின் வழியா தோலுக்கு உள்ளே அனுப்பிச் சூடு பண்ணுவோம். அந்தச் சூட்டுல உள்ள இருக்கற நார் சுருங்கும், புதுசா கொஞ்சம் உண்டாகும். தோல் கொஞ்சம் இறுகும். கொஞ்சம்தான், தங்கத்தாய். மாசம் ஒரு தடவைன்னு சில தடவை வரணும், பலன் தெரியறதுக்கும் மாசக்கணக்குல ஆகும். சிலருக்கு நல்லா தெரியும், சிலருக்கு அவ்வளவா தெரியாது. இருபது வயசுக் கழுத்து வேணும்னா நான் பொய் சொல்லணும்."

"இருபது வயசுக் கழுத்த வச்சு என்ன செய்ய? அது போனது போவட்டும். இதுக்கு மேல தொங்காம நிக்குமா?"

"அதுக்கு முயற்சி பண்ணலாம்."

சீட்டு எடுத்த பணத்தை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, வீட்டில் அன்றைக்கே சொன்னாள். ஒளித்துச் செய்வது அவள் பழக்கம் இல்லை. புருஷன் அய்யாத்துரை தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதை மூன்று வேளையும் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறவர்.

"இந்த வயசுல கழுத்த இழுத்துக் கட்டி என்னட்டி செய்யப் போற?" என்றார்.

"நீங்க ஞாயித்துக்கெழம தவறாம தலைக்கு மை அடிக்கியளே, எந்தக் கம்பெனியில வேல கேட்டு?"

அய்யாத்துரை தலையைத் தடவிக்கொண்டு பேச்சை விட்டார். தாணேயில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "அம்மா, லோக் க்யா கஹேங்கே, நாலு பேர் என்ன சொல்வாங்க? எங்க மாமியார் வீட்ல கேட்டா சிரிப்பாங்கம்மா" என்று அழாத குறையாகச் சொன்னாள். சிரித்தால் பல் சுளுக்கிக்கொள்ளாது, சிரிக்கட்டும் என்று தங்கத்தாய் போனை வைத்துவிட்டாள்.

முதல் தடவை போனபோதுதான் ஒரு சிக்கல் வந்தது. கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் சூடு அந்த இடத்தில் சேர்ந்து சுட்டுவிடும், சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்று முந்தின நாளே கிளினிக்கிலிருந்து சொல்லியிருந்தார்கள். சங்கிலி என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னது தாலிச் சங்கிலி. கட்டிய நாளிலிருந்து அவள் கழுத்தைவிட்டு இறங்காத சாமான். பிரித்துக் கோர்க்கும்போதுகூட முதலில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் சங்கிலியைக் கழற்றுவார்கள். ஒரு நிமிஷம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. தங்கத்தாய் அதே வழியைப் பிடித்தாள். புதுக் கயிற்றில் நல்ல விரலி மஞ்சளாகப் பார்த்துக் கட்டி, மஞ்சளைக் குழைத்துக் கயிற்றிலும் பூசி, அழகாக மாட்டிக்கொண்டு செம்பூர் போய்ச் சேர்ந்தாள். உலோகம் இல்லை, வெறுங்கழுத்தும் இல்லை. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கட்டிலில் படுக்கவைத்து, கழுத்தில் குளுகுளுவென்று ஜெல் தடவினார்கள். டாக்டர் சிறிய இஸ்திரிப் பெட்டி போன்ற ஒன்றை எடுத்து, கயிற்றை ஒதுக்கி ஒதுக்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முதலில் இதமாக இருந்தது, பிறகு வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி சுள்ளென்றது. "சூடு தாங்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்படியில் வெந்தவளுக்கு இதென்ன சூடு என்று தங்கத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது டாக்டர் கையை நிறுத்தினார்.

"தங்கத்தாய், என்ன இது?"

ஜெல்லிலும் சூட்டிலும் மஞ்சள் கரைந்து ஓடியிருந்தது. கழுத்து மஞ்சள், மெஷின் தலை மஞ்சள், வெள்ளைத் துண்டு மஞ்சள், டாக்டரின் கையுறை மஞ்சள். தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், இந்த மஞ்சளில் எதைப் பார்ப்பது? பாதியில் நிறுத்தித் துடைத்து, துடைத்து, மறுபடி ஆரம்பித்தார். முடிந்ததும் சொன்னார். "அடுத்த தடவை கயிறும் வேண்டாம். ஒண்ணுமே இருக்கக் கூடாது. இன்னிக்குத் துடைச்சதுல தோல் உரசியிருக்கு, நாளை வரைக்கும் சங்கிலி போடாதீங்க."

ஆக, தங்கத்தாய் மஞ்சள் கழுத்தும் மஞ்சள் கயிறுமாகத் தாராவிக்குத் திரும்பினாள். சந்து முனையில் பேராச்சி பார்த்துவிட்டாள். பேராச்சி பக்கத்து வீட்டுக்காரி, அவள் கண்ணில் பட்டால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட கணக்கு.

"ஏட்டி தங்கம், சங்கிலி எங்க? அடகு வச்சிட்டியளா?"

"இல்லக்கா, டாக்டர் கழத்தச் சொன்னாவ."

பேராச்சி அதை நம்பினால் பேராச்சி இல்லை. தாலிச் சங்கிலி போய்க் கயிறு வந்தால் நம் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். சாயங்காலம் அய்யாத்துரை பட்டறையிலிருந்து வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"ஊரெல்லாம் என்ன பேசுதாவ தெரியுமா? அய்யாத்துரை பொண்டாட்டி தாலியத் தின்னுட்டான்னு பேசுதாவ. நான் இதுவரைக்கும் ஒரு பீடிக்காவது கடன் சொல்லியிருப்பேனாட்டி?"

"பேசட்டும். சங்கிலி இந்தா பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

"பெட்டிக்குள்ளயா? அது கழுத்துல கிடக்க வேண்டிய சாமான். இனிமே அந்த கிளினிக்கு வாசல மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

தங்கத்தாய் அடுப்பை அணைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"நான் போவாம இருந்தா கடைக்காரப் பய என்னைய பின்னறையில தூக்கிப் போட்டுருவான். நான் எங்கன நிக்கணும்னு அந்தப் பய முடிவு பண்ணுதான், என் கழுத்துல என்ன கிடக்கணும்னு பேராச்சி முடிவு பண்ணுதா. நான்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

அய்யாத்துரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அடுத்த மாசம் கயிறும் கூடாதுன்னு சொல்லிட்டாவ. வெறுங்கழுத்துதான்."

"நான் உசுரோட இருக்கையில வெறுங்கழுத்தாவா? தாலி கழுத்துலதான் கிடக்கணும்."

"கிடக்கட்டும். எந்தக் கழுத்துலன்னு எவனும் சொல்லலையே. நீங்க போட்டுக்கிடுங்க."

அய்யாத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நானா?"

"பின்ன? உங்க ஆயுசுக்குன்னுதான இத நான் இம்புட்டு வருசம் சுமந்தேன். ரெண்டு மணி நேரம் நீங்க சுமந்தா தேஞ்சா போவிய? பைக்குள்ளயும் இல்ல, பெட்டிக்குள்ளயும் இல்ல. கழுத்துல. நீங்க சொன்ன மாதிரியேதான்."

அய்யாத்துரை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "சட்டைக்குள்ள போட்டா வெளிய தெரியாதுல்லா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் இருவரும் சயானில் பஸ் பிடித்துச் செம்பூர் போனார்கள். கிளினிக் கூடத்தில், ஷூ மாட்டிய பெண்களும் மூக்குக் கண்ணாடி இளைஞர்களும் போன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அய்யாத்துரை கழுத்துப் பொத்தான்வரை இறுக்கப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டியின் தாலிச் சங்கிலியை நெஞ்சில் சுமந்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே தங்கத்தாயின் வெறுங்கழுத்தில் டாக்டர் ஒழுங்காக வேலை செய்தார். முடிந்து வெளியே வந்து, தோல் ஆறும்வரை காத்திருந்து, படிக்கட்டு மறைவில் சங்கிலியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"கனமாத்தாம்ட்டி இருக்கு" என்றார் அய்யாத்துரை.

"இப்பத் தெரியுதா?" என்றாள் தங்கத்தாய்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தடவையும் தானாகவே கையை நீட்டினார். கழுத்திலும் மாற்றம் தெரிந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம்தான். தாடைக்குக் கீழே தொளதொளத்தது கொஞ்சம் இறுகியிருந்தது, மடிப்பு மடிப்பாகவே இருந்தது. ஆனால் தங்கத்தாய் முந்தானையை இழுத்துவிடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் செம்பூரில் சூடு வைத்துக்கொள்வதாகப் பச்சையாகச் சொன்னாள். அஷ்வத் அவளை உற்றுப் பார்த்து, "பெருசா டிஃபரன்ஸ் தெரியலையே அக்கா" என்றான். பொம்மை தன் இடத்திலேயே நின்றது. சீசனும் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

கடைசித் தடவைக்கு நாள் கொடுத்தது அந்த சீசனின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை. கடையில் கூட்டம் நெரியும் நாள். காலையில் முதல் ஆளாகப் போய் முடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவிடலாம் என்று தங்கத்தாய் கணக்குப் போட்டாள். அவள் உள்ளே படுத்திருந்த நேரத்தில் பட்டறையிலிருந்து போன் வந்தது, தோல் லோடு இறங்குகிறது, மாஸ்டர் இல்லாமல் இறக்க மாட்டோம் என்று. அய்யாத்துரை வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனவர் கழுத்தில் என்ன இருக்கிறது என்பதை மறந்தே போனார். அத்தனை பழகிவிட்டது.

தங்கத்தாய் வெளியே வந்து பார்த்தாள், ஆள் இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. பரவாயில்லை, முந்தானை இருக்கிறது என்று பஸ் ஏறினாள்.

கடைக்குள் காலடி வைத்ததுமே பெரியவர் கல்லாவிலிருந்து, "சீக்கிரம் வாம்மா, வாஷியிலிருந்து கல்யாண வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார். பானுமதி என்ற அம்மாள், மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையும், பெண்ணின் அம்மாவாக மேடையில் நிற்கத் தனக்கு ஒன்றும் எடுக்க, நாத்தனாரைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். பொம்மைக்குக் கட்டியிருந்த அரக்குப் பட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எப்படி விழும்னு தெரியலையே" என்று இழுத்தாள். சொல்லும்போதே பானுமதியின் கை தன் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டது. தங்கத்தாய்க்கு அந்தக் கை அசைவு நன்றாகவே தெரியும்.

"நான் போட்டுக் காட்டுதேன்ம்மா" என்று அவர்கள் தேர்ந்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையை எடுத்து, கொசுவத்தை மடித்துச் செருகி, தன் முந்தானையை ஒதுக்கிப் பட்டைத் தோளில் விட்டாள். கழுத்து வெளியே வந்தது. லேசாகச் சிவந்த, நேரான, வெறுங்கழுத்து.

நாத்தனாரின் பார்வை அங்கேயே நின்றது. "என்னம்மா, கழுத்துல ஒண்ணும் இல்லையே?"

"வைத்தியத்துக்காகக் கழத்தியிருக்கும்மா."

"தாலியக் கழட்டற வைத்தியம் என்ன வைத்தியம்? பானு, முகூர்த்தப் புடவைய முதல்ல அவங்க மேல இருந்து எடுக்கச் சொல்லு. நல்ல காரியம்."

அஷ்வத் ஓடி வந்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "சாரி ஆன்ட்டி, சாரி. அக்கா, நீங்க உள்ள போங்க. ப்ளீஸ். நான் பொம்மைய வச்சுக் காட்டறேன்."

உள்ளே என்றால் பின்னறை. இன்று போனால் இனி வெளியே வருவதில்லை என்று தங்கத்தாய்க்குத் தெரியும். தோளில் கிடந்த புடவையை இழுத்து நேராக்கினாள். 

"அந்தப் பொம்மைக்கு எவன் தம்பி தாலி கட்டினான்?"

யாரோ ஒரு வாடிக்கைக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். அஷ்வத்துக்குக் காது சிவந்தது. தங்கத்தாய் நின்ற இடத்தில் நின்றபடியே போனை எடுத்தாள்.

"ஏங்க, கழுத்துல என்ன கிடக்குன்னு தடவிப் பாருங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "ஆமா. அத எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க. இப்பவே."

பஸ்ஸுக்கு மேல் எதிலும் ஏறாத அய்யாத்துரை அன்று டாக்சி பிடித்தார். அவர் வரும்வரை தங்கத்தாய் தோளிலிருந்த புடவையை எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. நாத்தனார் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பானுமதி மட்டும் தங்கத்தாயின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோல் தூசி படிந்த சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து, அய்யாத்துரை உள்ளே வந்தார். அத்தனை பெண்களைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, நேராகப் பெண்டாட்டியிடம் வந்து, சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். நரைத்த நெஞ்சு முடியில் தாலிச் சங்கிலி கிடந்தது.  கல்லாவில் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மறந்துட்டேன்ட்டி. இந்தா" என்று கழற்றப் போனார்.

தங்கத்தாய் கையை நீட்டினாள். அப்போது பின்னறை வாசலில் ஜெபா நிற்பதைப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்தவள், விரலில் ஊசியும் தோளில் யாருடையதோ ஒரு புடவையுமாக நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். உள்ளே போகச் சொன்ன நாளில் ஜெபாவும் இதே கண்ணாடி முன்னால்தான் நின்றிருந்தாள். போன் செய்து கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாத தன் வாயை நினைத்துத் தங்கத்தாய்க்கு வெட்கமாக இருந்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கழத்த வேண்டாம். உங்க கழுத்துலயே கிடக்கட்டும்."

"என்னட்டி சொல்லுத?"

"வீட்டுல போய் வாங்கிக்கிடுதேன். இப்ப இத மாட்டினா, இது இருக்கதாலதான் நான் இங்கன நிக்கேன்னு ஆயிரும். நான் என் கழுத்த வச்சு நிக்கேன். இது இருந்தாலும் நிப்பேன், இல்லாட்டியும் நிப்பேன்." பிறகு பானுமதி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இஷ்டம்னா போட்டுக் காட்டுதேன்ம்மா. இல்லன்னா அந்தா பொம்மை நிக்கி."

நாத்தனார் பானுமதியின் கையைப் பிடித்து இழுத்தாள். பானுமதி எழுந்தாள், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. கண்ணாடி பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்த்திய குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"அந்த வைத்தியம்... நிஜமாவே இறுக்குதா?"

"கொஞ்சம் இறுக்கும். தொட்டுப் பாருங்க."

கல்யாணப் பெண்ணின் அம்மா கையை நீட்டி, தாலி இல்லாத அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடைக்குக் கீழே விரலை ஓட்டி, அழுத்தி, துணியின் தரம் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையைத் தளர்த்திவிட்டாள். "முகூர்த்தப் புடவை இதுவே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு அந்த அரக்கையும் உங்க மேலயே போட்டுக் காட்டுங்க. பொம்மை மேல எனக்கு ஒண்ணும் தெரியல."

அரக்குப் புடவை பொம்மையின் மேல் இருந்தது. அஷ்வத் தானே அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வழியை அடைத்த பொம்மையை இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

"ஏட்டி ஜெபா, வா" என்றாள் தங்கத்தாய். "வந்து கொசுவத்தப் பிடி. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

ஜெபா கல்லாவைப் பார்த்தாள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அய்யாத்துரையின் நெஞ்சைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஜெபா ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி வந்து, கண்ணாடி முன்னால் குனிந்து கொசுவத்தைப் பிடித்தாள். கை பழசை மறக்கவில்லை.

இத்தனை பெண்களுக்கு நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அய்யாத்துரை, கூச்சத்தோடு சட்டைப் பொத்தானைப் போடப் போனார். தங்கத்தாய் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"போடாதிய. பாக்கட்டும்."